ஷார்ல் து ஃபூக்கோ: பாலைவனத்து அயலவர்

ஃபூக்கோ என்றதும் தமிழ்ச் சிற்றிதழ் வாசகர்களுக்கு மிஷேல் ஃபூக்கோதான் நினைவுக்கு வருவார். அதிகாரம், சிறைச்சாலை, மனநோய் என்று எழுதிய அந்தத் தத்துவவாதியைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவது வேறொரு ஃபூக்கோவைப் பற்றி. பிரெஞ்சில் இரண்டு பெயர்களுக்கும் கடைசி எழுத்து மட்டுமே வித்தியாசம், உச்சரிப்பு ஒன்றுதான். இவர் ஷார்ல் து ஃபூக்கோ. 1858ல் பிறந்து, 1916ல் சகாராப் பாலைவனத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட கத்தோலிக்கத் துறவி. 2022ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி வத்திக்கான் இவரைப் புனிதராக அறிவித்தது.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். புனிதர்களைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. இவரை அறிந்துகொண்டது குளிரின் புண்ணியத்தில்தான். பாரிஸுக்கு வந்த புதிதில் சென் ஒகுஸ்தான் தேவாலயத்துக்கு அருகே ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டு வேலை முடிந்து இரவு வேலை தொடங்கும்வரை இரண்டு மூன்று மணித்தியாலம் இடைவெளி கிடைக்கும். அறைக்குப் போய்த் திரும்ப நேரம் காணாது. கஃபேயில் உட்கார்ந்தால் காசு. தேவாலயத்தில் சும்மா உட்காரலாம். அங்கே இவரது படத்தைப் பார்த்தேன். வற்றிப்போன முகம், வெள்ளை அங்கி, அதன் நெஞ்சில் சிவப்பில் ஒரு இதயமும் சிலுவையும். கண்கள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தன. யார் இந்த மனிதர் என்று தேடத் தொடங்கியது இன்றுவரை முடியவில்லை.

ஃபூக்கோ பிறந்தது ஸ்ட்ராஸ்பூர் நகரில், பிரபுக் குடும்பத்தில். 1864ல், ஆறு வயது முடியுமுன்பே தாயும் தகப்பனும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். தாய்வழிப் பாட்டனார் ஓய்வுபெற்ற இராணுவக் கேர்னல். அவரே செல்லம் கொடுத்து வளர்த்தார். பதின்ம வயதில் கடவுள் நம்பிக்கை போயிற்று. சென் சீர் இராணுவக் கல்லூரியில் சேர்ந்தார். 1878ல் பாட்டனார் இறந்ததும் பெரும் சொத்து கைக்கு வந்தது. அதன்பிறகு கேட்க வேண்டுமா? விருந்து, மது, விலையுயர்ந்த சுருட்டு என்று பணம் தண்ணீராய் ஓடியது. உடம்பு ஊதிப் பருத்தது. சோமூர் குதிரைப்படைக் கல்லூரியில் 87 பேர் கொண்ட வகுப்பில் 87ஆவதாகத் தேறினார். 1880ல் அவரது படைப்பிரிவு அல்ஜீரியாவுக்குப் போனபோது, காதலியைத் தன் மனைவி என்று சொல்லிக் கூட்டிப்போனார். அது அம்பலமானதும் அவளை அனுப்பிவிடும்படி மேலதிகாரிகள் உத்தரவிட்டார்கள். மறுத்ததால் சேவையிலிருந்து விலக்கப்பட்டார். பிறகு, தன் சகாக்கள் போருக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடிவந்து சேர்ந்துகொண்டார். 1882ல் இராணுவத்தை விட்டே விலகினார்.

இதுவரை பார்த்தால் கெட்டுப்போன பணக்காரப் பிள்ளையின் கதைதான். அடுத்து அவர் செய்தது யாரும் எதிர்பாராதது. அந்த நாட்களில் ஐரோப்பியர் சுதந்திரமாக உள்ளே போகமுடியாதிருந்த மொரோக்கோவுக்குள், ஒரு யூத ரபி போல வேடமிட்டு நுழைந்தார். மர்தொஷே அபி செரூர் என்ற உண்மையான ரபி வழிகாட்டியாகக் கூடப் போனார். 1883 ஜூனில் தொடங்கிய பயணம் 11 மாதங்கள் நீடித்தது. உள்ளங்கைக்குள் மறையும் சிறு குறிப்பேட்டில் மலைகளையும் ஆறுகளையும் இரகசியமாக வரைந்துகொண்டார். பாரிஸ் புவியியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1888ல் வெளியான அந்தப் பயண நூல் துறைசார்ந்தவர்களால் இன்றும் மதிக்கப்படுகிறது.

பதக்கத்தைவிட முக்கியமான இரண்டு விஷயங்களை அந்தப் பயணம் அவருக்குக் கொடுத்தது. யூத வேடத்தில் திரிந்ததால், தெருவில் அவமதிக்கப்படுவது என்றால் என்னவென்று பிரபுக் குடும்பத்துப் பிள்ளைக்குத் தெரியவந்தது. ஆபத்தான இடங்களில், அவர் யாரென்று தெரிந்தபின்பும் சில முஸ்லிம்கள் தங்கள் விருந்தாளியாக வைத்துக் காப்பாற்றினார்கள். அவர்களது தொழுகை அவரை உலுக்கியது. கடவுள் இல்லையென்று இருந்த மனிதருக்கு, இவர்களிடம் இருப்பதும் என்னிடம் இல்லாததும் எது என்ற கேள்வி பிறந்தது. ஆக, அவரைக் கிறித்தவத்துக்குத் திருப்பி அனுப்பியதில் முஸ்லிம்களுக்குப் பெரும் பங்குண்டு. 1886 ஒக்டோபர் முடிவில், நான் குளிருக்கு ஒதுங்கிய அதே சென் ஒகுஸ்தான் தேவாலயத்தில், ஊவ்லன் என்ற குருவானவரிடம் போய், சமயம் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும் என்று கேட்டார். குருவானவர் கதைக்க இடம் கொடுக்கவில்லை. முழங்காலில் நின்று பாவசங்கீர்த்தனம் செய்யச் சொன்னார். இவரும் செய்தார். அன்றோடு பழைய வாழ்க்கை முடிந்தது.

எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனிதர். ஊதாரித்தனத்தில் எவ்வளவு தீவிரமோ அவ்வளவு தீவிரம் துறவிலும். 1890ல் திராப்பிஸ்த் துறவிகளோடு சேர்ந்து, அப்போது ஒட்டோமான் ஆட்சியில் இருந்த சிரியாவின் அக்பெஸ் என்ற இடத்து ஏழை மடத்துக்குப் போனார். ஒருநாள், பக்கத்தில் இறந்துபோன ஒரு தொழிலாளியின் உடலருகே செபிக்க அவரை அனுப்பினார்கள். அந்த வீட்டைப் பார்த்ததும் தங்கள் மடத்தின் வறுமை எவ்வளவு வசதியானது என்பது உறைத்தது. 1897ல் மடத்தை விட்டு வெளியேறி, நாசரேத்தில் ஒரு கன்னியர் மடத்தின் வேலைக்காரனாகத் தோட்டத்துக் கொட்டிலில் தங்கினார். முப்பது வயதுவரை யேசு நாசரேத்தில் யாரும் கவனிக்காத ஒரு தச்சனாக, அக்கம்பக்கத்தாரோடு வாழ்ந்தாரே, அந்த வாழ்க்கையே இவரைப் பிடித்துக்கொண்டது. பிரசங்கமும் அற்புதங்களும் அதற்குப் பிறகு வந்தவைதானே.

1901ல் குருவாகப் பட்டம் பெற்றதும் அல்ஜீரியாவின் மொரோக்கோ எல்லையில் இருந்த பெனி அப்பெஸ் என்ற பாலைச் சோலைக்குப் போனார். ஏழைகள், வழிப்போக்கர்கள், சிப்பாய்கள் என்று கதவு தட்டிய எல்லோருக்கும் இடம் கொடுத்தார். அடிமைமுறையைப் பிரெஞ்சு அதிகாரிகள் கண்டும் காணாமல் இருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. கடிதங்கள் எழுதிச் சண்டை பிடித்தார். காசு சேர்த்துச் சில அடிமைகளை விலைக்கு வாங்கி விடுவித்தார்.

1905 ஓகஸ்டில் இன்னும் தெற்கே, ஹொக்கார் மலைப் பகுதியிலிருந்த தமன்ராசெத்துக்கு வந்து சேர்ந்தார். இன்று அது பெரிய நகரம். அன்று இருபது குடிசைகள் மட்டும். சுற்றிலும் துவாரெக் மக்கள், ஆடும் ஒட்டகமும் மேய்த்துத் திரிபவர்கள். இவர்கள் முஸ்லிம்கள். ஆனால் ஆண்கள்தான் முகத்தை மூடுவார்கள், பெண்கள் மூடுவதில்லை. தலைமைப் பதவி தாய்வழியில் செல்லும். இம்ஸாத் என்ற ஒற்றை நரம்பு வாத்தியத்தை வாசிப்பவர்கள் பெண்களே. மூன்று வருடங்களுக்கு முன்புதான், 1902 மே மாதத்தில், பக்கத்திலுள்ள தித் என்ற இடத்தில் பிரெஞ்சு அதிகாரியின் தலைமையில் வந்த படை இவர்களைத் தோற்கடித்திருந்தது. மூசா அக் அமஸ்தான் என்ற தலைவர் சமாதானத்துக்கு இணங்கியிருந்தார். தமன்ராசெத்தில் ஃபூக்கோ குடியேற அனுமதித்தவரும் அவரே.

கல்லாலும் மண்ணாலும் ஒரு நடைபாதை அகலத்தில் வீடு கட்டிக்கொண்டு ஃபூக்கோ அங்கே தனியாக இருந்தார். வந்தவர்களுக்குத் தானியம் கொடுத்தார், மருந்து கொடுத்தார், பெண்களுக்குத் தையல் ஊசி கொடுத்தார். வாங்கிக்கொண்டார்கள். மரியாதையாகவே பழகினார்கள். ஆனால் கொடுப்பவர் எப்போதும் அவர், வாங்குபவர்கள் எப்போதும் அவர்கள். இந்த ஏற்பாட்டில் நட்பு வளருமா? புலம்பெயர்ந்த நாட்டில் உதவி அலுவலகங்களின் வரிசையில் நின்றவர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். கொடுப்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் அவர் மேசைக்கு அந்தப் பக்கம்.

1907ல் பஞ்சம் வந்தது. ஒரு வருடத்துக்கும் மேலாக மழையில்லை. ஆடுகளின் மடி வற்றியது. ஃபூக்கோ தன்னிடமிருந்த தானியத்தையெல்லாம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்து முடித்துவிட்டார். அந்த நத்தாருக்கு அவரால் திருப்பலிகூட ஒப்புக்கொடுக்க முடியவில்லை. கூட ஒரு கிறித்தவராவது இல்லாமல் குருவானவர் தனியே பூசை செய்யக்கூடாது என்பது அக்காலச் சட்டம். பூசைக்காகவே உயிர் வாழ்ந்த மனிதருக்கு அது பேரிடி. 1908 ஜனவரி 20ஆம் திகதி அளவில் எழுந்து நிற்கமுடியாமல் விழுந்தார். சிறிது அசைந்தாலே மூச்சு முட்டியது. சாவு நெருங்கிவிட்டது என்று எண்ணினார். கொடுப்பதற்கு அவரிடம் எதுவும் மிச்சமில்லை.

அப்போது துவாரெக் மக்கள் அவரை எடுத்துப் பார்த்தார்கள். நான்கு கிலோமீட்டர் சுற்றளவில் எந்த ஆட்டின் மடியில் ஒரு துளி பால் இருந்ததோ அதையெல்லாம் தேடிக் கறந்து கொண்டுவந்து அவருக்குப் புகட்டினார்கள். தங்கள் பிள்ளைகள் பசியில் கிடந்த நாட்களில் இதைச் செய்தார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. அந்த ஆட்டுப்பாலில்தான் அவர் பிழைத்தார். தனியே பூசை செய்ய அனுமதி கிடைத்துவிட்ட செய்தி ஜனவரி 31ஆம் திகதி தபாலில் வந்து சேர்ந்தது.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு என் சொந்த நினைவு ஒன்று வந்தது. அந்த உணவகத்தில் என்னோடு வேலை செய்த அல்ஜீரியர் ஒருவர், என்னைவிட வயதில் மூத்தவர். ஒரு வருடமாகப் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்தும் காலையில் ஒரு வணக்கம், இரவில் ஒரு வணக்கம், அவ்வளவுதான். ஒரு மாரிக்காலம் நான் காய்ச்சலில் விழுந்தேன். மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் ஆறாம் மாடியில் என் அறை. அவர் படியேறி வந்து, மனைவி வைத்த ஷோர்பா சூப்பை ஒரு வாளியில் வைத்துவிட்டுப் போனார். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை. அந்த வாளியைத் திருப்பிக் கொடுக்கப்போன நாளிலிருந்துதான் நாங்கள் கதைக்கத் தொடங்கினோம். ஃபூக்கோவைப் பற்றி அவரிடம் சொன்னபோது நடந்ததைப் பிறகு சொல்கிறேன்.

எழுந்து நடமாடத் தொடங்கிய ஃபூக்கோ பழையவர் அல்ல. கொடுப்பது நிற்கவில்லை; கூடவே கேட்பதும் வந்துவிட்டது. அவர்களுடைய மொழியைக் கேட்டார். கதைகளைக் கேட்டார். பாட்டுக்களைக் கேட்டார். யாராவது பழைய கவிதை ஒன்று சொன்னால் கொஞ்சம் காசு கொடுத்து எழுதிக்கொள்வார். காதல், போர், ஒட்டகம், பிரிவு என்று 6000 வரிகள் அளவில் சேர்ந்தன. மூசாவின் உறவுக்காரியான டாசின் பேர்பெற்ற கவிஞர், இம்ஸாத் வாசிப்பவர். அவரும் ஃபூக்கோவின் நண்பர்களில் ஒருவர். அகராதி வேலையும் நடந்தது. ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால் அது எங்கே, யார் வாயில், எந்தச் சந்தர்ப்பத்தில் வரும் என்றெல்லாம் கேட்டு எழுதுவார். கூடாரம், ஒட்டகச் சேணம் போன்றவற்றுக்குப் படமும் வரைவார். ஒரு நாளில் பத்து மணித்தியாலத்துக்கும் மேல் இந்த வேலை. அவர் இறந்து 35 வருடங்களுக்குப் பிறகு, 1951-52ல், அந்த அகராதி நான்கு பாகங்களாக, அவரது கையெழுத்துப் பிரதியின் வடிவிலேயே அச்சாகியது. இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல். அதற்குச் சமமான இன்னொன்று அந்த மொழிக்கு எளிதில் கிடைக்காது. இந்த வேலைகளில் தன் பெயர் வரக்கூடாது, தனக்கு உதவி செய்து 1907ல் இறந்துபோன மொத்திலின்ஸ்கி என்ற அறிஞரின் பெயரில் வரட்டும் என்பது அவரது விருப்பம்.

மிஷனரிமார் அகராதி செய்வது நமக்குப் புதிதல்ல. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732ல் முடிந்தது. யாழ்ப்பாணத்து மிஷனரிகள் தொடங்கிய வேலையே 1862ல் வின்சுலோ அகராதியாகச் சென்னையில் வெளிவந்தது. அவர்கள் மொழி கற்றது வேதம் சொல்ல. ஃபூக்கோவும் சுவிசேஷப் பகுதிகளை மொழிபெயர்த்தார்தான். ஆனால் தமன்ராசெத்தில் இருந்த பதினொரு வருடங்களில் ஒரு துவாரெக்கையும் அவர் மதம் மாற்றவில்லை. அவசரப்படவும் இல்லை. தன்னை நல்லவன் என்று அவர்கள் கண்டால் தன் சமயமும் நல்லதாக இருக்கும் என்று என்றாவது நினைப்பார்கள், அது நூற்றாண்டுகள் கழித்து நடந்தாலும் சரி என்று இருந்தார். மதமாற்றத்தை அவர் விரும்பவில்லை என்று எழுதுபவர்கள் அவரைச் சரியாகப் படிக்கவில்லை. விரும்பினார். ஆனால் அந்த விருப்பத்தை நட்புக்கு நிபந்தனை ஆக்கவில்லை.

அந்த நட்பின் அன்றாடம் மிகச் சாதாரணமானது. பெண்களுக்குப் பின்னல் வேலை கற்பிக்கப் பிரான்ஸிலிருந்து பின்னல் ஊசிகளை வரவழைத்தார். பழைய குதிரைப்படை அதிகாரி மணலில் உட்கார்ந்து கம்பளி நூலும் ஊசியுமாக இருப்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும். 1913ல் உக்செம் என்ற துவாரெக் இளைஞனைப் பிரான்ஸுக்குக் கூட்டிப்போனார். அரண்மனை, கோபுரம் காட்டுவதற்காக அல்ல. தன் தங்கை வீட்டிலும் உறவினர் வீடுகளிலும் விருந்தாளியாகத் தங்கவைப்பதற்காக. தாம் அவர்கள் கூடாரத்தில் உட்கார்ந்ததுபோல அவனும் தம்மவர் மேசையில் உட்கார வேண்டும் என்பது எண்ணம். அந்தப் பயணத்தில் உக்செமும் பின்னக் கற்றுக்கொண்டான்.

இனி அந்த அல்ஜீரிய நண்பர் விஷயம். ஃபூக்கோவைப் பற்றி உற்சாகமாகச் சொன்னேன். அவர் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, அந்த ஆள் இராணுவத்தின் ஆள் என்று சொல்லி முடித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. மேலும் படித்தபோது கோபம் போய்விட்டது. அவர் சொன்னதில் உண்மை இருந்தது. சகாராவில் பிரெஞ்சு ஆட்சியை நிலைநாட்டிய லாப்பெரின் ஃபூக்கோவின் நெருங்கிய நண்பர். 1904ல் தெற்குப் பகுதிகளை முதலில் பார்த்ததே அந்தப் படையோடு போய்த்தான். அதிகாரிகளுக்கு எழுதிய கடிதங்களில் நிலவரம் சொன்னார், ஆலோசனை சொன்னார். பிரெஞ்சு ஆட்சி நீதியாக நடக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். அது அங்கே இருக்கவே கூடாது என்று ஒருபோதும் எண்ணவில்லை. இராணுவ முகாமுக்கு அருகே வளர்ந்த நம்மைப் போன்றவர்களுக்கு இது விளங்கும். முகாமுக்குள் ஒரு நல்ல அதிகாரி இருக்கலாம், மிட்டாய்கூடத் தரலாம். முகாம் முகாம்தான்.

இந்த முரண்பாடே கடைசியில் அவர் உயிரையும் எடுத்தது. முதல் உலகப்போர் தொடங்கியதும், லிபியப் பக்கமிருந்து செனூசி இயக்கத்தின் கிளர்ச்சி சகாராவுக்குப் பரவியது. ஆபத்து வந்தால் ஊர்மக்கள் ஒதுங்குவதற்கென்று ஃபூக்கோ ஒரு சிறு கோட்டை கட்டினார். 1916 நடுப்பகுதியில் அதற்குள் குடிபோனார். உள்ளே தானியம் இருந்தது. இராணுவம் கொடுத்த துப்பாக்கிகளும் இருந்தன. பத்து வருடங்களாகத் திறந்த கதவோடு வாழ்ந்தவரைச் சுற்றி இப்போது தடித்த மதில். டிசம்பர் முதலாம் திகதி மாலை கதவு தட்டப்பட்டது. தபால் வந்திருக்கிறது என்று கூப்பிட்டவன் அவருக்கு நன்கு தெரிந்தவன், அவரிடம் உதவி பெற்றவன். குரலை நம்பிக் கதவைத் திறந்தார். மறைந்திருந்த கூட்டம் இழுத்துப் பிடித்துக் கட்டியது. காவலுக்கு நிறுத்தப்பட்ட பையனுக்கு வயது பதினைந்து அளவில். எதிர்பாராமல் இரண்டு ஒட்டகப்படைச் சிப்பாய்கள் வருவதைக் கண்டு கலவரப்பட்டுச் சுட்டுவிட்டான். ஃபூக்கோவுக்கு அப்போது 58 வயது. கவிதைத் தொகுப்பின் வேலையை முடித்து மூன்று நாட்கள்தான் ஆகியிருந்தன. காகிதங்கள் நிலத்தில் சிதறிக் கிடந்தன. நல்லவேளை, அழியவில்லை. கவிதைகள் 1925க்கும் 1930க்கும் இடையில் நூலாக வந்தன.

அப்போது மூசா தொலைவில் இருந்தார். செய்தி கேட்டதும் ஃபூக்கோவின் தங்கைக்கு இரங்கல் கடிதம் எழுதினார். தான் அழுததையும், அந்த மரணம் அவர் குடும்பத்துக்கு மட்டுமல்லத் தங்கள் எல்லோருக்கும் நேர்ந்தது என்பதையும் அதில் சொன்னார். ஆட்சிக்குப் பணிந்துபோன ஒரு தலைவரின் சம்பிரதாயக் கடிதம் என்று ஒதுக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வறட்சிக் காலத்தில் கறந்த ஆட்டுப்பாலை எந்த ஆட்சியும் உத்தரவிட்டிருக்க முடியாது.

தன்னோடு வாழச் சகோதரர்கள் வருவார்கள் என்று ஃபூக்கோ வருடக்கணக்காகச் சட்டதிட்டங்கள் எழுதி வைத்துக் காத்திருந்தார். நிலைத்து நிற்க ஒருவரும் வரவில்லை. 1933ல் அல்ஜீரியாவில் ரெனே வொய்யோம் தொடங்கிய யேசுவின் சிறிய சகோதரர்கள், 1939ல் மக்தலேன் உத்தன் தொடங்கிய யேசுவின் சிறிய சகோதரிகள் ஆகிய சபைகள் அவர் வழியில் வந்தவை. இவர்கள் பாடசாலையோ மருத்துவமனையோ நடத்தப் போவதில்லை. தொழிற்சாலையிலும் சேரியிலும் கூடாரத்திலும் சாதாரண வேலை செய்துகொண்டு அயலவராக இருப்பதே அவர்கள் பணி.

துவாரெக் மக்களின் நண்பரா, ஆட்சியாளரின் ஆளா என்று கேட்டால், இரண்டும்தான் என்பதே என் பதில். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது. என் அல்ஜீரிய நண்பர் ஓய்வுபெற்று ஊருக்குப் போய்விட்டார். இரண்டையும் சேர்த்து அவரிடம் சொல்லி முடிக்க எனக்குச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் போகும்போது இப்போதும் சென் ஒகுஸ்தானுக்குள் சற்று உட்கார்ந்துவிட்டு வருவேன். கும்பிடுவதற்கென்று சொல்லமாட்டேன். படத்திலிருக்கும் அந்தச் சிரித்த கண்களைப் பார்க்கும்போது, ஆறு மாடி ஏறி வந்த அந்த சூப் வாளிதான் எனக்கு நினைவுக்கு வரும்.